தைப்பிங் - போர்ட் வெல்ட்: நாட்டின் முதல் ரயில் பாதை எங்கே போனது?

கோலா செப்பெத்தாங்குக்குப் போனவர்கள் அந்தப் பலகையைப் பார்த்திருப்பீர்கள். மீ ஊடாங் சாப்பிடப் போகும் வழியில், கடைத்தெருவில், சம்பந்தமே இல்லாமல் ஒரு ரயில் நிலையப் பெயர்ப் பலகை நிற்கும். போர்ட் வெல்ட் என்ற பெயர் அதில் ரோமன், ஜாவி, சீனம், தமிழ் என்று நான்கு எழுத்துகளில் இருக்கும். பக்கத்தில் பழைய டிக்கெட் கவுண்டர். தண்டவாளத்தைத் தேடினால் கிடைக்காது. ரயிலும் வராது.

பலர் பலகையோடு ஒரு படம் எடுத்துக்கொண்டு மின்மினிப் பூச்சி பார்க்கும் படகுக்குப் போய்விடுகிறார்கள். தப்பில்லை. ஆனால் இந்த நாட்டின் ரயில் கதை தொடங்கியது இந்த இடத்தில்தான். 1885 ஜூன் 1-ஆம் தேதி தைப்பிங்கிலிருந்து இந்தக் கரைக்கு ஓடிய ரயில்தான் மலாயாவின் முதல் ரயில்.

நான் பள்ளியில் படித்தபோது வரலாற்றுப் பாடத்தில் இதற்குக் கிடைத்த இடம் இரண்டு வரிதான். ஆண்டு, ஊர் பெயர், அவ்வளவே. அந்தப் பாதையை யார் போட்டார்கள், அது ஏன் காணாமல் போனது என்பதெல்லாம் தேர்வுக்கு வராது.

ஏன் தைப்பிங்?

இன்றைக்குத் தைப்பிங் என்றால் மழை, ஏரிப் பூங்கா, ஓய்வுபெற்றவர்களின் ஊர். அன்றைக்கு அப்படி இல்லை. ஈயத்துக்காக ரத்தம் சிந்திய இடம் அது.

லாருட் வட்டாரத்தில் லோங் ஜாபார் 1840-களின் இறுதியில் ஈயத் தொழிலைத் தொடங்கி வைத்தார். சீனத் தொழிலாளர்கள் ஆயிரக்கணக்கில் வந்தார்கள். கீ ஹின், ஹாய் சான் என்ற இரண்டு கூட்டங்கள் லம்பத்துக்கும் தண்ணீருக்கும் 1861 முதல் பல தடவை மோதிக்கொண்டன. 1874 ஜனவரியில் பங்கோர் ஒப்பந்தம் கையெழுத்தானது. பிரிட்டிஷ்காரர்கள் பேராக்கில் கால் வைத்தது அதன் மூலம்தான். சண்டை நடந்த ஊருக்குச் சீன மொழியில் 'நிலையான அமைதி' என்று பொருள்படும் தைப்பிங் என்ற பெயர் வந்தது. பிறகு அந்த ஊரே பேராக்கின் தலைநகரும் ஆனது.

சண்டை நின்றாலும் ஈயத்தைக் கொண்டுபோவது பெரும் பாடாகவே இருந்தது. ஈயம் கனமான பொருள். லம்பத்திலிருந்து கடல் அதிக தூரம் இல்லைதான். ஆனால் இடையில் சேறு, காடு, சதுப்பு. மாட்டு வண்டியும் யானையும்தான் வாகனம். மழை பெய்தால் வண்டி அச்சு வரைக்கும் புதையும். தைப்பிங்கில் மழை எப்போது பெய்யாமல் இருந்தது?

அப்போது பேராக்கின் ரெசிடெண்டாக இருந்தவர் ஹியூ லோ. ரப்பர் கன்றுகளைக் கோலகங்சாரில் நட்ட அதே ஹியூ லோதான். ரப்பர், ரயில் இரண்டுமே தமிழர்களை இந்த நாட்டுக்குப் பெருமளவில் இழுத்து வந்தவை. இரண்டிலும் ஒரே மனிதரின் கை இருந்திருக்கிறது. ஐரோப்பாவில் தகரப் பெட்டியில் அடைத்த உணவு பரவிக்கொண்டிருந்த காலம் அது. தகரத்துக்குப் பூச ஈயம் வேண்டும். பேராக் அரசின் வருமானத்தில் பெரும்பங்கு ஈயத்தின் மீதான வரி. அந்த வருமானத்தில் ரயில் பாதை போட்டு, அதே ரயிலில் இன்னும் அதிக ஈயத்தை ஏற்றுவதுதான் கணக்கு.

பாதையின் நீளம் வெறும் 8 மைல், அதாவது சுமார் 13 கிலோமீட்டர். கடலோர முனையத்துக்கு அப்போதைய நீரிணைக் குடியேற்ற ஆளுநர் ஃபிரெடரிக் வெல்டின் பெயரை வைத்தார்கள். பினாங்கில் படகுத்துறை அருகே உள்ள 'பெங்காலான் வெல்ட்' சாலையும் அவர் பெயரில்தான்.

ஒரு சின்ன திருத்தம். 'முதல் ரயில்' என்று சொன்னால் ஜொகூர்க்காரர்கள் கோபப்படலாம். 1869-லேயே ஜொகூர் பாருவிலிருந்து குனோங் பூலாய் பக்கம் மரத் தண்டவாளத்தில் ஒரு ரயில் பாதை போட அபு பக்கார் முயன்றார். மரத்தைக் கரையான் அரித்து அது கைவிடப்பட்டது. எனவே முறையாக ஓடி, ஆளையும் சரக்கையும் ஏற்றிய முதல் ரயில் தைப்பிங் ரயில் என்று வைத்துக்கொள்ளலாம்.

சதுப்பில் மண் கொட்டியவர்கள்

இந்தப் பாதையைப் போட இலங்கையிலிருந்து 'சிலோன் பயனியர்' படையின் இரண்டு பிரிவுகள் வரவழைக்கப்பட்டன. படை என்றதும் துப்பாக்கி என்று நினைக்க வேண்டாம். அவர்கள் கையில் இருந்தது மண்வெட்டியும் கடப்பாரையும்தான். இலங்கையில் அரசுக்காகச் சாலையும் பாலமும் போட்டுப் பழகிய தொழிலாளர்கள் அவர்கள். தென்னிந்தியாவிலிருந்து போன தமிழர்கள் அந்தப் படையில் அதிகம்.

ஏன் இலங்கை? அங்கே 1860-களிலேயே கொழும்பிலிருந்து கண்டிக்கு ரயில் போய்விட்டது. மலை ஏறிக் காப்பி மூட்டையை இறக்கிக் கொண்டுவரப் போட்ட பாதை அது. பாதை போடத் தெரிந்த மேலாளர்களும் ஆட்களும் அங்கே இருந்தார்கள். 1870-களிலும் 80-களிலும் ஓர் இலை நோய் வந்து இலங்கையின் காப்பித் தோட்டங்களை அழித்தது. தோட்ட முதலாளிகளும் கூலியாட்களும் வேறு இடம் தேடிய நேரத்தில் மலாயா ஆள் தேடியது.

தைப்பிங்கிலிருந்து கடல் பக்கம் போகப் போக நிலம் தாழ்ந்துகொண்டே போகும். கடைசிப் பகுதி முழுக்க அலையாத்திக் காட்டுச் சேறு. தண்டவாளம் நிற்க வேண்டும் என்றால் முதலில் மண்ணைக் கொட்டி மேடு கட்ட வேண்டும். கொட்டிய மண் உள்ளே போகும். மறுபடி கொட்ட வேண்டும். மண்ணைத் தள்ள இயந்திரம் இல்லாத காலம். கூடையில் அள்ளித் தலையில் சுமந்து கொட்டியதுதான்.

அதோடு கொசு. மலேரியாவைக் கொசுதான் பரப்புகிறது என்பதை ரொனால்ட் ராஸ் நிறுவியது 1897-இல். இந்தப் பாதை திறக்கப்பட்டது அதற்குப் பன்னிரண்டு ஆண்டுகள் முன்பு. சதுப்பில் வேலை செய்தவர்களுக்குக் காய்ச்சல் எங்கிருந்து வருகிறது என்றே அப்போது யாருக்கும் தெரியாது. கெட்ட காற்று என்றுதான் நினைத்தார்கள்.

ஆளுநர் பெயர் துறைமுகத்துக்கு, ரெசிடெண்ட் பெயர் புத்தகத்துக்கு என்று ஆகிவிட்டது. மண் சுமந்தவர்கள் 'இரண்டு பிரிவு' என்ற கணக்கோடு நின்றுவிட்டார்கள். நான்கு எழுத்துகளில் நிற்கும் அந்தப் பலகையில் தமிழும் இருப்பதை நான் அலங்காரமாகப் பார்க்கவில்லை. அந்த ரயிலில் ஏறி இறங்கியவர்களில் தமிழ் மட்டுமே படிக்கத் தெரிந்தவர்கள் போதுமான அளவு இருந்தார்கள் என்பதற்கு அது ஒரு சாட்சி.

கம்பிச் சடக்கும் கிராணியும்

தண்டவாளத்தை நம் தாத்தா காலத்து ஆட்கள் 'கம்பிச் சடக்கு' என்பார்கள். சடக்கு என்றால் சாலை, கம்பி போட்ட சாலை. இன்னமும் சில வீடுகளில் இந்தச் சொல் கேட்கும். உங்கள் பாட்டியிடம் சொல்லிப் பாருங்கள், டக்கென்று புரிந்துகொள்வார்.

ரயில் ஓடத் தொடங்கியதும் வேறு வகை ஆட்களும் தேவைப்பட்டார்கள். ஸ்டேஷன் மாஸ்டர், டிக்கெட் கொடுப்பவர், கணக்கு எழுதும் கிராணி. ஆங்கிலம் தெரிய வேண்டும், சம்பளம் அதிகம் கேட்கக் கூடாது. யாழ்ப்பாணத்தில் கிறிஸ்துவ மிஷன் பள்ளிகளில் ஆங்கிலம் படித்த இளைஞர்கள் இதற்குப் பொருத்தமாக அமைந்தார்கள். அவர்கள் கப்பலேறி வந்து மலாயா ரயில்வேயின் அலுவலகங்களை நிரப்பினார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. கொழும்பிலிருந்து வரும் ரயில் பாதை யாழ்ப்பாணத்தை எட்டியது 1905-இல்தான். அதற்கு முன்பே தம் ஊரில் அந்த ரயிலைக் காணாத பிள்ளைகள் இங்கே வந்து கொடி காட்டி ரயில் அனுப்பிக்கொண்டிருந்தார்கள். ஓய்வுபெற்று ஊர் திரும்பியவர்களை யாழ்ப்பாணத்தில் 'மலாயன் பென்ஷனியர்' என்று அழைத்தார்கள். அப்படி ஒரு தனி வகுப்பே அங்கே உருவானது.

ஆக ஒரே ரயில்வேயில் இரண்டு விதமான தமிழர்கள் இருந்தார்கள். தண்டவாளத்தில் நின்றவர்களும், மேசைக்குப் பின்னால் உட்கார்ந்தவர்களும். பேசிய மொழி ஒன்று என்றாலும் இருந்த கோட்டர்ஸ் வேறு, வாங்கிய சம்பளம் வேறு. நம் சமூகத்தில் பிற்பாடு வந்த சில பிரிவினைகளின் வேர் இங்கேயும் இருக்கிறது. அதை மறைத்துப் பேசுவதில் பயனில்லை.

ரயிலே ரயிலைக் கொன்ற கதை

சரி, இவ்வளவு பாடுபட்டுப் போட்ட பாதை ஏன் மறைந்தது?

முதல் காரணம், ஈயம் இடம் மாறியது. பாதை திறந்த சில ஆண்டுகளிலேயே, 1880-களின் இறுதியில், கிந்தா பள்ளத்தாக்கு லாருட்டை முந்திவிட்டது. ஈப்போவைச் சுற்றிய பகுதிதான் அது. 1937-இல் பேராக்கின் தலைநகரும் தைப்பிங்கிலிருந்து ஈப்போவுக்குப் போனது.

இரண்டாவது காரணத்தைத்தான் நான் முக்கியமாக நினைக்கிறேன். அதைப் புரிந்துகொள்ள அந்தக் காலத்து வரைபடத்தைக் கொஞ்சம் கற்பனை செய்யுங்கள். முதலில் வந்த நான்கு பாதைகளைப் பாருங்கள்: 1885-இல் தைப்பிங் - போர்ட் வெல்ட், 1886-இல் கோலாலம்பூர் - கிள்ளான், 1891-இல் சிரம்பான் - போர்ட்டிக்சன், 1893-இல் தாப்பா ரோடு - தெலுக் ஆன்சன். தெலுக் ஆன்சன் என்பது இன்றைய தெலுக் இந்தான். எல்லாமே உள்நாட்டு லம்பத்திலிருந்து பக்கத்துக் கடலுக்கோ ஆற்றுக்கோ ஓடும் சின்னச் சின்னக் கோடுகள். ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லை. தைப்பிங்கில் ரயில் ஏறி ஈப்போவுக்குக் கூடப் போக முடியாது. மக்களை ஊருக்கு ஊர் இணைக்கப் போட்ட பாதைகள் அல்ல அவை. நிலத்திலிருந்து எடுத்ததைக் கப்பலில் ஏற்றப் போட்டவை.

1896-இல் நான்கு மாநிலங்கள் ஒரு கூட்டமைப்பாகின. பிறகு இந்தத் துண்டுகளைத் தெற்கு வடக்காக ஒரே கோட்டில் கோத்தார்கள். 1903-இல் பிறையிலிருந்து சிரம்பான் வரை ரயில் தொடர்ச்சியாக ஓடியது. பிறை என்றால் எதிரே பினாங்குத் துறைமுகம், பெரிய கப்பல்கள் நிற்கும் இடம். தைப்பிங் வணிகர் தன் ஈயத்தை நேராகப் பிறைக்கு அனுப்ப முடியும் என்றால், ஆழமில்லாத ஆற்று முகத்தில் இருந்த போர்ட் வெல்டுக்கு எதற்கு அனுப்ப வேண்டும்?

முதல் பாதையில் தொடங்கிய ரயில் வலைதான் கடைசியில் அந்த முதல் பாதையையே தேவையில்லாமல் ஆக்கியது. போர்ட் வெல்ட் ஒரு கிளைப் பாதையாகச் சுருங்கியது. பின்னர் நல்ல சாலை வந்தது, லாரியும் பஸ்ஸும் வந்தன. ரயில் நின்றது, தண்டவாளம் பெயர்த்தெடுக்கப்பட்டது. ஊர் பெயரும் கோலா செப்பெத்தாங் என்று பழைய மலாய் வடிவத்துக்குத் திரும்பியது.

அந்த நான்கு முதல் பாதைகளில் கிள்ளான் பாதையில் மட்டும்தான் இன்றும் பயணிகள் ரயில் ஓடுகிறது. கொமுட்டரில் ஷா ஆலமுக்கோ கிள்ளானுக்கோ போகிறவர்கள் 1886-இன் தடத்தில்தான் போகிறார்கள். கிள்ளான் பிழைத்ததற்குக் காரணம் எளிது. 1901-இல் அதன் அருகே போர்ட் சுவெட்டன்ஹாம் பெரிய துறைமுகமாக எழுந்தது, மறுமுனையில் தலைநகர் இருந்தது. மற்ற மூன்றுக்கும் அந்த அதிர்ஷ்டம் இல்லை.

தெலுக் இந்தான் பாதை பற்றி ஒரே ஒரு விஷயம் சொல்லியே ஆக வேண்டும். 1894 செப்டம்பர் 17 அன்று ஒரு காட்டு யானை தன் கூட்டத்தைக் காக்க ரயிலை நேருக்கு நேர் மோதித் தடம் புரளவைத்தது. யானை இறந்தது. புதைத்த இடத்தில் அதற்கு ஒரு நினைவுப் பலகை வைத்தார்கள். யானைக்குக் கிடைத்தது, பயனியர்களுக்குக் கிடைக்கவில்லை.

மலாக்காவின் தண்டவாளம் போன இடம்

தொலைந்த பாதை என்று பேசினால் மலாக்காவை விட்டுவிட முடியாது. அது மறைந்த விதமே வேறு.

தம்பினிலிருந்து மலாக்கா நகருக்கு 1905-இல் ரயில் வந்தது. வரவுசெலவுக் கணக்குப் பார்த்து யாரும் அதை மூடவில்லை. ஜப்பானியர் ஆட்சியில் தண்டவாளத்தைக் கழற்றிக்கொண்டு போனார்கள். கிழக்குக் கரைப் பாதையிலும் ஒரு பெரும் பகுதியைக் கழற்றினார்கள். அந்த இரும்பு போய்ச் சேர்ந்தது சயாம் - பர்மா பாதைக்கு, நம் பெரியவர்கள் சயாம் மரண ரயில் என்று சொல்லும் அந்த 415 கிலோமீட்டருக்கு.

மலாயாவிலிருந்து இரும்பு மட்டும் போகவில்லை. 70 ஆயிரத்துக்கும் மேற்பட்ட தொழிலாளர்கள் இங்கிருந்து கொண்டுபோகப்பட்டதாக மதிப்பிடப்படுகிறது. பெரும்பாலோர் ரப்பர் தோட்டத்துத் தமிழர்கள். சம்பளம் உண்டு, சாப்பாடு உண்டு, சில மாதத்தில் திரும்பலாம் என்று சொல்லிச் சிலரை ஏற்றினார்கள். சிலரைப் பிடித்தே ஏற்றினார்கள். 1943 அக்டோபரில் பாதை முடிந்தபோது காலராவும் பசியும் அடியும் பல்லாயிரம் பேரைத் தின்றிருந்தன.

தாய்லாந்தின் காஞ்சனபுரியில் போர்க் கைதிகளின் கல்லறைத் தோட்டம் இருக்கிறது. ஏறக்குறைய 7,000 கல்லறைகள். பெயர், வயது, படைப்பிரிவு என்று வரிசையாகப் பொறித்திருப்பார்கள். தோட்டத்துத் தமிழர்களுக்கு அப்படி ஆளுக்கொரு கல் இல்லை. காட்டில் கூட்டமாகப் புதைக்கப்பட்டார்கள், எரிக்கப்பட்டார்கள். அவர்களை யார் யார் என்று சொல்லக்கூடிய முழுப் பட்டியல்கூட இல்லை.

போருக்குப் பிறகு கிழக்குக் கரைப் பாதையைத் திரும்பப் போட்டார்கள். மலாக்காவுக்குப் போடவில்லை. அதனால்தான் இன்றைக்கும் ரயிலில் மலாக்கா போக நினைத்தால் பூலாவ் செபாங்கில் இறங்கி, மீதித் தூரத்துக்கு பஸ்ஸோ கிராப்போ பார்க்க வேண்டியிருக்கிறது. நண்பர்கள் இதைப் பற்றிச் சலித்துக்கொள்ளும்போது எனக்குச் சயாம்தான் ஞாபகம் வரும்.

இப்போது போனால் என்ன பார்க்கலாம்?

தைப்பிங்கின் முதல் ரயில் நிலையம் இன்று ஒரு பள்ளிக்கூடம். நிலையம் வேறு இடத்துக்கு மாறிய பிறகு, அந்த நிலத்தில் 1905-இல் கிங் எட்வர்ட் VII பள்ளி எழுந்தது. அந்தப் பள்ளியில் படித்தவர்கள் நாட்டின் முதல் ரயில் நிலையத்தின் மேல் உட்கார்ந்துதான் பாடம் கேட்டிருக்கிறார்கள்.

இப்போதைய தைப்பிங் நிலையம் மின்சார இரட்டைப் பாதைக்காகக் கட்டியது. இடிஎஸ் ரயில் 2015 முதல் தைப்பிங் வழியே பாடாங் பெசார் வரை போகிறது. இறங்கியதும் கிராப் பிடிக்க ஓடாதீர்கள். புதிய நிலையத்தின் பக்கத்திலேயே பழைய நிலையக் கட்டடத்தை இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். ஒருமுறை சுற்றிப் பாருங்கள். அது 1885-இன் நிலையம் அல்ல, பின்னால் வந்தது என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். இணையத்தில் பலர் இரண்டையும் குழப்பிக்கொள்கிறார்கள்.

அங்கிருந்து சிம்பாங், மாத்தாங் வழியே கோலா செப்பெத்தாங்குக்குக் காரில் போகலாம். வழியில் மாத்தாங்கில் ஙா இப்ராஹிமின் கோட்டை இருக்கிறது. ஈய வரியில் செழித்த லாருட் தலைவரின் வீடு அது, லோங் ஜாபாரின் மகன். போகும்போது நிலத்தைக் கவனியுங்கள். மெல்ல மெல்லத் தாழும், காற்றில் உப்பும் சேறும் கலந்து வரும். கூடை கூடையாக மண் கொட்டிய இடம் இதுதான் என்று அப்போது புரியும்.

கோலா செப்பெத்தாங்கில் கரி சுடும் சூளைகளைக் காட்டுவார்கள். சுற்றியுள்ள மாத்தாங் அலையாத்திக் காடு சுமார் 40,000 ஹெக்டர், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்து திட்டமிட்டு வெட்டி, மறுபடி நட்டு வளர்க்கும் காடு. ரயில் போன பிறகும் அந்த ஊரைத் தாங்குவது அந்தக் காடும் மீனும் இறாலும்தான்.

பிறகு பலகைக்குப் போங்கள். கடைத்தெருவில்தான் இருக்கிறது, காப்பிக் கடைப் பக்கம் யாரைக் கேட்டாலும் காட்டுவார்கள். மேலே சொன்ன நான்கு எழுத்துகளில் தமிழைத் தேடி வாசித்துவிட்டு வாருங்கள்.